ஏழாம் எண் குடும்பத்தைத் தேடிக் காரைக்குடிக்கு

திருச்சியில் பிறந்து வளர்ந்தவள் நான். அங்கிருந்து காரைக்குடிக்கு இரண்டு மணி நேரம்தான். அந்த இரண்டு மணி நேரத்தை ஜெர்மனி வழியாகச் சுற்றி, தலையெல்லாம் நரைத்த பிறகு வந்து சேர்ந்தேன். வந்த காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரே ஒரு மனிதரின் ரத்தம், இரண்டு சிறு குழாய் அளவுக்கு வேண்டியிருந்தது.

நான் உயிரியல் பேராசிரியை. இதைச் சொன்னதும் நம் ஊரில் எல்லோருக்கும் தவளை ஞாபகம் வந்துவிடுகிறது. தவளையை நான் கல்லூரியோடு விட்டுவிட்டேன். முதலில் பழ ஈ, பிறகு ஈஸ்ட், பிறகு சுண்டெலி என்று படிப்படியாக முன்னேறி, சுண்டெலியின் இதயத்துக்குள் நுழைந்தவள் அங்கேயே குடியிருந்துவிட்டேன். இதயத் தசையில் ஒரு புரதம் இருக்கிறது. அதை உண்டாக்கும் மரபணுவில் ஓர் எழுத்து பிசகினால் தசை தடித்துப்போகும். பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் தெரியாது. சிலர் மாடிப்படி ஏறும்போதோ கல்யாணப் பந்தியில் பரிமாறும்போதோ அப்படியே விழுந்துவிடுவார்கள். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த ஓர் எழுத்துக்கு என் வாழ்நாளைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். "எலிக்கு வைத்தியம் பாக்குறா" என்றுதான் என் அம்மா கடைசிவரை அக்கம்பக்கத்தில் சொன்னாள். அதில் பெரிய தவறொன்றும் இல்லை.

மனிதர்களும் என் ஆய்வகத்துக்கு வந்ததுண்டு. ஆனால் குழாயில் அடைத்த ரத்தமாக, பெயர் இல்லாமல், எண்ணோடு வருவார்கள். அடுத்தவர் அந்தரங்கத்தைக் காப்பதில் ஜெர்மானியர்களை மிஞ்ச ஆள் கிடையாது. மதுரை இருதய மருத்துவர் ஒருவர் வெகுகாலத்துக்கு முன் அனுப்பிய குடும்பத்துக்கு எங்கள் புத்தகத்தில் ஏழாம் எண். செட்டிநாட்டுக் குடும்பம் என்பது மட்டும் தெரியும். அண்ணன், தம்பி என்று இரண்டு பேர். அண்ணன் நாற்பதுகளில் திடீரென்று போய்விட்டவர். தம்பிக்கு நோய் உறுதியாகி, அவர் ரத்தத்தில்தான் பிசகிய எழுத்தைப் பிடித்தோம். தம்பியின் மகன்கள் இருவரையும் சோதித்தாயிற்று. இறந்துபோன அண்ணனின் மகன் மட்டும் ரத்தம் தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மாநாடுகளில் இந்தக் குடும்பத்தின் வம்சப் படத்தைத் திரையில் போடும்போதெல்லாம் அவருடைய கட்டத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும்.

எனக்கு அடுத்த ஆண்டு ஓய்வு. என் அறை யாருக்கு என்று முடிவாகி, அந்த இளைஞர் திரைச்சீலைக்கு ஜன்னலை அளந்துகொண்டும் போய்விட்டார். நான் போவதற்குள் அந்தக் கேள்விக்குறி போகவேண்டும் என்று ஆசை. நேரில் வந்து கேட்டால் தருவாராம் என்று மதுரையிலிருந்து தகவல் வந்தது. கிளம்பிவிட்டேன்.

காரைக்குடி ஸ்டேஷனில் இறங்கியபோது என் கையில் ஒரு சூட்கேஸும் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியும் இருந்தன. என்னை அழைத்துப்போக வந்த கார் ஓட்டுநர் சாகுல் பாய். குவைத்தில் ஒரு வீட்டுக்குப் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். சூட்கேஸை வாங்கிக்கொண்டவர் பெட்டியைப் பார்த்துத் தயங்கினார்.

"உள்ள மீனு இருக்கா மேடம்?"

"இல்ல பாய், வெறும் ஐஸ் பைதான். திரும்பிப் போறப்ப ரத்தம் கொண்டுபோவேன்."

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இத டிக்கியில வச்சுருவம்" என்றார்.

நான் டாக்டர் என்று தெரிந்ததும் அவருக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. எலி டாக்டர் என்று விளக்கினேன். "எலிக்கும் முட்டி இருக்குல்ல மேடம்" என்றார். விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் மேலாளர் தன் சர்க்கரை அளவைச் சொன்னார், சமையல்காரர் தன் மாமியாரின் சர்க்கரை அளவைச் சொன்னார். ஜெர்மனியில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புற்றுநோய் என்பது எனக்கு அவர் இறந்தபின்தான் தெரிந்தது. இங்கே பெட்டியை இறக்குவதற்குள் நான்கு பேரின் உடம்பு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

விடுதி என்பது பழைய செட்டியார் வீடு. தூண்களைத் துடைத்து, குளியலறைக்கு வெந்நீர்க் குழாய் போட்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுகிறார்கள். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் மேலாளர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அடுத்த மேசையில் ஒரு ஜெர்மானியத் தம்பதி, வெள்ளைப் பணியாரத்தைக் கத்தியால் அறுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அந்த அம்மாள் பெட்டியை விட்டு நகரமாட்டேன் என்கிறாள், தங்கமாக இருக்குமோ?" என்று கணவர் தம் மொழியில் கேட்டார். "இந்தப் பக்கத்தில் எல்லோரிடமும் தங்கம் இருக்குமாம், கையேட்டில் போட்டிருக்கிறது" என்றாள் மனைவி. எழுந்து போகும்போது, உள்ளே இருப்பது ஐஸ் பைதான், காபிக்கு வேண்டுமா என்று அவர்கள் மொழியிலேயே கேட்டேன். பணியாரம் தொண்டையில் நின்றுவிட்டது, பாவம்.

மறுநாள் காலை ஏழாம் எண் குடும்பத்தின் கேள்விக்குறி தன் வீட்டு வாசலில் வந்து நின்று என்னை வரவேற்றது. பெயர் நாச்சியப்பன். நாற்பத்தைந்து இருக்கும். பெயின்ட் கடை வைத்திருக்கிறார். கல்லா மேசையிலிருந்து எழுந்திருக்காமல் வியாபாரம் பார்ப்பவர் என்று சாகுல் பாய் முன்பே சொல்லியிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா. இம்புட்டுத் தூரத்துல இருந்து என் ரத்தத்துக்காக வந்திருக்கீக. நம்ம ரத்தத்துக்கு இம்புட்டு மதிப்பான்னு வீட்டுல நம்பவே மாட்டேங்குறாக."

அவருடைய மனைவி அழகம்மை உள்ளேயிருந்து, "சாப்புட்ட பெறகுதான் ரத்தமெல்லாம்" என்றார். அது காலை பத்து மணி. மதியச் சாப்பாடுவரை பேசிக்கொண்டிருக்கவேண்டும் என்று அதற்குப் பொருள்.

பேசினோம். அப்பாவின் சாவுக்குப் பிறகு இந்த மனிதர் தம் இதயத்தைக் கண்ணாடிப் பாத்திரம்போல் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். மாடி ஏறமாட்டார். பஸ்ஸைப் பிடிக்க ஓடமாட்டார். கடைப் பையன்களைத் திட்டவேண்டியிருந்தால்கூட மனைவியைக் கூப்பிட்டுத் திட்டச் சொல்வார். மதுரையில் வருஷா வருஷம் ஸ்கேன் எடுப்பார்கள், ஒன்றும் இருக்காது. "இது எப்ப வேணாலும் தலகாட்டும், சாக்கிரதையா இருங்க" என்று அனுப்புவார்கள். சாக்கிரதையாக இருப்பதை அவர் ஒரு தொழிலாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். ரத்தம் கொடுக்காததற்குக் காரணம் கேட்டேன். "இருக்குன்னு சொல்லிட்டீகன்னா அப்பறம் பயப்படுறதுக்கு என்ன பாக்கி இருக்கும்?" என்றார்.

இலை போட்டார்கள். எனக்கு வெண்டைக்காய் மண்டி, கோலா உருண்டை, மிளகு ரசம், கவுனி அரிசி இனிப்பு. அவர் இலையில் உப்பில்லாத பருப்பும் எண்ணெய் காட்டாத அவரைக்காயும். எதிர்ச் சுவரில் மாலை போட்ட படத்தில் அவருடைய அப்பா. இத்தனை ஆண்டு திரையில் வெறும் கட்டமாகப் பார்த்தவரின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். மரியாதைக்கு ஏதாவது சொல்லவேண்டுமே என்று, மரபியல் பாடம் நடத்திய உரிமையில், "ஒங்களுக்கு அப்படியே ஒங்க அப்பாவோட தாடை" என்றேன்.

அழகம்மையின் கரண்டி நின்றது. நாச்சியப்பன் சிரித்துவிட்டார்.

"எல்லாரும் அதத்தான் சொல்லுறாக. கூடவே இருந்தாத் தாடையும் வந்துரும்போல. நான் கூட்டிக்கிட்டு வந்த பிள்ளைதானே டாக்டரம்மா."

"எங்கேயிருந்து கூட்டிக்கிட்டு வந்தாங்க?"

"தேவகோட்டையில இருந்து. தூரத்துப் பங்காளி வீடு. அப்பச்சிக்கு ஆம்பளப் பிள்ளை இல்லைல்ல. அஞ்சாப்பு முடிச்சிருந்தேன். மாலை போட்டு, மஞ்சத் தண்ணி குடுத்து, ஊரக் கூட்டிவச்சுப் பிள்ளை கூட்டுனாக."

கவுனி அரிசி எனக்குப் புரையேறிவிட்டது. அழகம்மை தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். அப்பச்சி என்றால் இங்கே அப்பா. பிள்ளை கூட்டுவது என்றால் சுவீகாரம். ஆண் வாரிசு இல்லாத வீட்டில், தங்கள் வம்சத்துப் பங்காளிகளிடமிருந்து ஒரு பையனை எல்லோரும் அறிய மகனாக்கிக்கொள்வார்கள். அன்றிலிருந்து அவன் மகன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லாததால் யாரும் பேசுவதில்லை. மதுரை மருத்துவரிடமும் பேசவில்லை.

"பெத்தவர் இருக்காரா?"

"நல்லாருக்காக. எம்பது தாண்டிருச்சு. இன்னமும் மொபெட்ல சந்தைக்குப் போறாக, சொன்னாக் கேக்க மாட்டேங்குறாக."

"இத ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "அவுக கேட்டது ஒங்க அப்பாவுக்கு நெஞ்சுல கோளாறு இருந்துச்சான்னு. ஆமான்னேன். பொய்யா சொன்னேன்? அப்பச்சி சொத்து எனக்கு வந்துச்சு. அப்பச்சி கடன் எனக்கு வந்துச்சு. கோயில்ல அவுகளுக்குள்ள மரியாதை வந்துச்சு. கொள்ளி நாந்தான் வச்சேன். நோவு மட்டும் வராமப் போயிருமா?"

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஈஸ்ட், எலி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு பள்ளிக்கூட டீச்சர்போல விளக்கினேன். நோய் ரத்தவழியில் மட்டும்தான் போகும். மஞ்சள் தண்ணீரில் போகாது. பங்காளி என்றாலும் தூரத்து உறவு, பெற்றவர் எண்பது தாண்டியும் மொபெட் ஓட்டுகிறார், இவர் ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை; அவருக்கு அந்த நோய் வர வழியே இல்லை. ஓடலாம், ஏறலாம், கடைப் பையன்களைத் தம் வாயாலேயே திட்டலாம்.

நல்ல செய்தி சொல்லும் வாய்ப்பு என் தொழிலில் அபூர்வம். அவர் குதிக்காவிட்டாலும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அழகம்மைதான் அழுதுகொண்டே சிரித்தார். "இம்புட்டு வருசமா ஒரு வாய் உப்புப் போட்டு ஒங்களுக்குச் சமைச்சிருப்பேனா?" என்று கணவரைக் கேட்டார். நாச்சியப்பன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொத்தைப் பறிகொடுத்தவர் முகம்போல் இருந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

அப்போதுதான் எனக்கு அவர் சொன்ன ஒரு வார்த்தை உறைத்தது. ஆம்பளப் பிள்ளை இல்லை என்றாரே.

"பெண் பிள்ளை இருந்தாங்களா?"

"ஆச்சி இருக்காகள்ல, நேமத்தான்பட்டியில. உமையாள் ஆச்சி. எனக்கு மூத்தவுக." இங்கே அக்காவை ஆச்சி என்பார்கள்.

"கூடப் பிறந்தவங்களா... அப்பாவோட சொந்த மகளா?"

"ஆமா. ஒத்தப் பிள்ளை அவுகதான்."

"எங்க படத்துல அவங்க இல்லையே!"

"எப்படி இருப்பாக? குடும்பத்துல யார் யாருன்னு கேட்டாக, எங்க புள்ளிகளச் சொன்னோம். ஆச்சியக் கட்டிக் குடுத்தாச்சு. அவுக இப்ப வேற கோயில்."

இங்கே கோயில் என்பது சாமி கும்பிடும் இடம் மட்டுமில்லை, வம்சத்தின் பெயரும் அதுதான். ஒவ்வொரு ஆண்மகன் குடும்பமும் அதில் ஒரு புள்ளி. மகள் கல்யாணமான அன்றே கணவனின் கோயிலுக்குப் போய்விடுகிறாள். உலகத்தின் நல்ல நல்ல கருவிகளையெல்லாம் வைத்துக்கொண்டு நாங்கள் தேடிய நோய், தாலி கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருந்தது. இங்கே ஒருவர் இல்லாத நோய்க்காக உப்பை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க, அங்கே ஒரு பெண்மணி சோதனையே இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தார். நாளைக் காலையிலேயே அவரைப் பார்க்கவேண்டும் என்றேன்.

மூன்றாம் நாள் நாச்சியப்பன் தாமும் வருவேன் என்று காரில் ஏறிக்கொண்டார். இரவு நான் திருத்தி வரைந்த வம்சப் படம் என் மடியில் இருந்தது. சுவீகாரம் வந்தவரைக் காட்ட எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கட்டத்துக்கு இருபுறமும் அடைப்புக்குறி போட்டு, அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் விட்டுவிட்டுக் கோடு போடுவோம்.

"இது நானா?"

"ஆமா."

"என்னைய ஏன் கூண்டுக்குள்ள போட்டிருக்கீக?"

விளக்கினேன். அந்த அடைப்புக்குறியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "டாக்டரம்மா, ஆச்சிகிட்டச் சொல்லுறப்ப ரத்தத்துல இல்லைன்னு சொல்லுங்க. அவுக எனக்கு அப்பச்சி இல்லைன்னு மட்டும் சொல்லிராதீக" என்றார். சொல்லமாட்டேன் என்றேன். ஒரு பேராசிரியைக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிய அரை மைல் தூரம் ஆனது.

அன்று முகூர்த்த நாள். சாலை முழுக்கக் கல்யாண வேன்கள். குறுக்கு வழி ஒன்று தெரியும் என்று சாகுல் பாய் கண்மாய்ப் பக்கம் திருப்பினார். முந்தின வாரம் பெய்த மழை அவருக்கு ஞாபகம் இல்லை. பின்சக்கரம் இரண்டும் சேற்றில் உட்கார்ந்துகொண்டன. ஜெர்மனியில் ரயில் நான்கு நிமிடம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். சாகுல் பாய், "இன்ஷா அல்லாஹ், தள்ளுனா வந்துரும்" என்றார். நானும் வழியில் வந்த இரண்டு ஆடு மேய்ப்பவர்களும் தள்ளினோம். நாச்சியப்பன் பழக்கம் தவறாமல் கருவேல நிழலில் ஒதுங்கி நின்றுகொண்டார். யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

சாகுல் பாய் அலறினார். "அண்ணே, நீங்க தொடாதீக! அங்குட்டுப் போயி நில்லுங்க!"

"ஒண்ணும் ஆகாது பாய். டாக்டரம்மா சொல்லிட்டாக" என்று முழுத் தோளையும் கொடுத்துத் தள்ளினார். வண்டி வெளியே வந்தது. முகமெல்லாம் சேறு. நெஞ்சில் கை வைத்துச் சோதித்துப் பார்த்துக்கொண்டார், பிறகு கையை எடுத்துவிட்டார்.

நேமத்தான்பட்டி வீட்டில் உமையாள் ஆச்சி மொட்டை மாடியில் இருந்தார். கணவர் திருப்பூரில் வியாபாரம், மாதம் ஒரு முறை வருபவர். தம்பி குரல் கேட்டதும், "ஏறாத தம்பி, நான் வாரேன்!" என்று மாடியிலிருந்து கடகடவென்று இறங்கி வந்தார். ஐம்பத்து மூன்று வயது, நல்ல சிரித்த முகம். கீழே வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "வயசாகுதுல்ல, இப்பெல்லாம் மூச்சு இழுக்குது. ஒக்காருங்க, தேன்குழல் எடுத்தாரேன்." தட்டைக் கொண்டுவந்து வைத்ததும் நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன். சொல்லக்கூடாததைச் சொல்லாமல், நாச்சியப்பன் ரத்தத்தில் அந்த நோய் வர வழியில்லை என்று ஆரம்பித்தேன். மிச்சத்தைச் சொல்ல அவர் விடவில்லை.

"அப்ப தம்பிக்கு ஒண்ணுமில்லையா? சத்தியமாவா?"

"ஒண்ணுமில்ல."

ஆச்சி எழுந்து சாமி அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர். "குன்றக்குடி முருகா, கேட்டதக் குடுத்திட்ட." பிறகு என்னிடம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "அப்பச்சி போன வருசத்துல இருந்து கார்த்திகைக்குக் கார்த்திகை மலை ஏறுறேன் டாக்டரம்மா. இவன் நெஞ்சுக்காக. இவன்தான் ஏறக்கூடாதுல்ல? ஒரு மாசம் தவறுனது இல்ல. இப்பக் கொஞ்ச நாளாத்தான் நடுவுல ரெண்டு எடத்துல ஒக்காந்து ஒக்காந்து போறேன். போன மாசம் மேல போயிக் கண்ணக் கட்டிக்கிட்டு வந்துருச்சு. வெயிலு."

நாச்சியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஏன் ஆச்சி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ வெசனப்படுவ. வெசனப்பட்டா நெஞ்சுக்கு ஆகாதுல்ல?"

இதயத்தைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கம் எழுதியவள் நான். கோளாறு இல்லாத ஓர் இதயத்துக்காகக் கோளாறுள்ள ஓர் இதயம் மாதாமாதம் மலை ஏறியிருக்கிறது. அழுகை வந்தது. அதை மறைக்கத் தேன்குழலைக் கடித்தேன்.

அப்புறம் மெதுவாக, அந்த நோய் ஆச்சிக்கு இருக்கக்கூடும் என்று சொன்னேன். ஆச்சி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொறந்த வீட்டுச் சீரு எல்லாம் மொறையா வந்துருச்சு. இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சுபோல" என்று சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"எனக்கு இருந்தா எம் மகளுக்கும் வருமா? வள்ளி மெட்ராசுல இருக்கா. ஞாயித்துக்கெழமையானா ஓடுறா டாக்டரம்மா. பத்துக் கல்லு, இருபது கல்லுன்னு ஓட்டப் பந்தயம் ஓடுறா."

அங்கேயே போன் போட்டார். மறுமுனையில் முதலில் சிரிப்புச் சத்தம். நான் வாங்கிப் பேசினேன். சிரிப்பு நின்றுவிட்டது. படித்த பெண், நான்கு கேள்வியில் எல்லாம் புரிந்துகொண்டாள். கடைசியாக, "ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கேன் ஆன்ட்டி" என்றாள். ஓடாதே என்றேன். சரி என்றாள், சின்னக் குரலில்.

நான்காம் நாள் காரைக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டர். ஆச்சியைப் படுக்க வைத்து நெஞ்சில் பசையைத் தடவினார்கள். இடப்பக்கத் தசை தடித்து, நடுச்சுவர் வீங்கி, திரையில் அது துடித்துக்கொண்டிருந்தது. அறிமுகமான படம்தான், மாநாடுகளில் எத்தனையோ முறை காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். படத்துக்கு உரியவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "கொழம்ப எறக்காம வந்துட்டேன், நேரமாகுமா?" என்று என்னை அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை.

மதுரை மருத்துவரிடம் பேசினோம். உடனே மாத்திரை, திங்கட்கிழமை நேரில் வரவேண்டும், தேவைப்பட்டால் தோள்பட்டைக்குக் கீழே ஒரு சிறு கருவி வைப்பார்கள், வைத்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம். அதுவரை படி ஏறக்கூடாது. மாலையில் வள்ளி போன் செய்தாள். அவள் ஸ்கேனில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. ரத்தச் சோதனை முடிவு வரும்வரை ஓட்டம் இல்லை.

ரத்தம் எடுக்க லேபிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தோம், நான் எலியிடம் மட்டும்தான் எடுப்பேன். ஆச்சி கொடுத்தார். நாச்சியப்பனும் கையை நீட்டினார். தேவையில்லை என்றேன். "எடுங்க. கேள்விக்குறி அழியணும்னுதானே வந்தீக?" என்று பிடிவாதம் பிடித்தார். எடுத்தோம். அந்தப் பெட்டியை விடுதி மேலாளர் சமையலறைக் குளிர்பெட்டியில் வஞ்சிர மீனுக்கு மேல்தட்டில் வைத்து, யாரும் தொடாதபடி ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினார். சமையல்காரருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் நான் தமிழிலும் எழுதினேன்.

ஐந்தாம் நாள் கார்த்திகை. சாயங்காலம் எனக்கு ரயில். காலையில் சாகுல் பாய் எங்கள் மூவரையும் குன்றக்குடியில் இறக்கிவிட்டார். இன்றைக்கு மலை ஏறவேண்டியது தன் முறை என்று நாச்சியப்பன் முந்தின நாளே சொல்லிவிட்டார். ஆச்சிக்காக அவர் ஏறுகிறார். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவை படிக்கட்டைப் பார்ப்பவர்போல் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு ஏற ஆரம்பித்தார். அடிவாரத்துப் பூக்கடைக்காரம்மா எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். மாதம் தவறாமல் வருகிற ஆச்சி ஏன் இன்று உட்கார்ந்துவிட்டார் என்று விசாரித்தார். டாக்டர் என்று தெரிந்ததும் தன் ரத்தக் கொதிப்பையும் என்னிடம் ஒப்படைத்தார்.

பாதி தூரம்கூட இல்லை. நாச்சியப்பன் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது கீழேயிருந்தே தெரிந்தது.

ஆச்சி விருட்டென்று எழுந்தார். "தம்பீ! போதும், எறங்கி வந்துரு!"

அவர் மேலேயிருந்து கையை ஆட்டினார். எழுந்து மறுபடி ஏறினார்.

"ஆச்சி, நீங்க உக்காருங்க" என்று கையைப் பிடித்தேன். "இத்தனை வருஷம் படியே ஏறாத உடம்பு. அதான் மூச்சு வாங்குது. யாரா இருந்தாலும் வாங்கும். அவர் நெஞ்சுல ஒண்ணும் கிடையாது. மூணு நாளா அதத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

ஆச்சி உட்கார்ந்தார். ஆனால் கண்ணைப் படிக்கட்டிலிருந்து எடுக்கவில்லை. ஒரு கை தன் நெஞ்சின் மேல் இருந்தது.

"நீங்க படிச்சவுக, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். "ஆனாலும் எங்க அப்பச்சி பிள்ளையாச்சே டாக்டரம்மா, பயமா இருக்காதா?"